ஆடிக்கொண்டேயிருந்த மேகம்

ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் நடுங்கிக்கொண்டிருந்தது. மழையாலா, என் கண்ணாலா, இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஐப்பசி என்று நினைவு. அதுவும் சரிதானா, தெரியாது.

அப்போது நான் ஆராய்ந்தது இது: லேசர் வெளிச்சத்தால் ஆன ஒரு கிண்ணம். அதற்குள் அணுக்களின் சிறு மேகம். விண்வெளியிலும் இல்லாத குளிர். மேகத்தைச் சற்றே நகர்த்தி விட்டால் ஆடும். உள்ளே அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு தள்ளினாலும் மேகம் ஆடிக்கொண்டேயிருக்கும். நிற்காது.

யோவானும் நானும் அந்த மேகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. கணினியில் கணக்குப் போடுகிறவர்கள். சென்னையில், ஒரே அறையில், ஒரே பேராசிரியையிடம் ஆய்வு மாணவர்கள்.

அணுக்களுக்கிடையே யோவான் புதிதாக ஒரு விசையைச் சேர்த்தான். ஆட்டம் மெல்லத் தளர்ந்தது. நின்றது. யாரும் காணாதது. அதைப் பற்றி அவன் எழுதிய கட்டுரையை நம்பி ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூடம் அவனுக்கு வேலைக்கு இடம் வைத்திருந்தது.

இதழுக்கு அனுப்புமுன் சரிபார்க்க என்னிடம் கொடுத்தான்.

"தப்பு கண்டுபிடிச்சு என்னை இங்கயே உக்கார வெச்சுடாத, சாரு."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போகக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

அந்த விசையை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் மேகம் நின்றது. கணக்குக்காக இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்த கட்டங்களை இன்னும் சிறிதாக்கினேன். ஆடியது. விசையைத் திரும்பச் சேர்த்தேன். ஆடியது. மேகத்தை நிறுத்தியது அவன் விசையல்ல. நாங்கள் பெரிதாக வைத்துவிட்ட கட்டங்கள்.

மழை. நான் ஆசைப்பட்ட விடை. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

வேறு வழியில் போட்டேன். தாளில் கையால் போட்டேன். நில், நில் என்று திரையைக் கெஞ்சினேன். ஆடியது.

அவனிடம் சொன்னேன். திரையில் ஏறி இறங்கும் அந்தக் கோட்டை அவன் வெகுநேரம் பார்த்தான்.

"எப்பலேருந்து தெரியும்?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி. அதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்த?"

"என் கணக்கு தப்புன்னு காட்டப் பாத்தேன்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஏன் என்று அவனுக்கு அப்போது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜப்பான் இடம் வேறொருவருக்குப் போயிற்று. சில வருடம் கழித்து யோவான் வேறொரு கணக்கோடு இத்தாலிக்குப் போனான். மனைவி, ஒரு மகள், அங்கேயே இருக்கிறான். பேராசிரியை ஓய்வு பெற்று மதுரையில் இருக்கிறார். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எதை எழுதினாலும், வெளியே அனுப்புமுன் யோவான் அதை எனக்கு அனுப்புகிறான்.