ஒரு நூல் சின்னக் குண்டும் நான் எழுத மறுக்கும் விபத்தும்

1

போன வாரம் ஒரு பத்திரிகை ஆசிரியரிடம், என் அக்கா டிரெய்லர் இழுத்துக்கொண்டு ஊர் மாறிப் போன கதையைச் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "சரி, விபத்து எங்கே?" என்றார். நடக்கவில்லை என்றேன். "அப்ப கதை எங்கே?" என்றார். அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து எழுதுவதுதான் இது. வேறு உன்னதமான காரணம் எதுவும் கிடையாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சில உறவுகள் வெளியே பார்க்கப் பூட்டியது போலவே இருக்கும், ஒரு குலுக்கலில்தான்—"

[அக்கா என் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டாள். "என் கல்யாணத்தையும் டிரெய்லர் கொக்கியையும் முடிச்சுப் போடாதடி. அது வேற, இது வேற. இரும்பை இரும்புன்னே எழுது." அதனால் அந்த வாக்கியம் அங்கேயே நொண்டிக்கொண்டு நிற்கிறது.]

2

அக்கா தச்சு வேலை செய்பவள். அவளும் அத்தானும் சேர்ந்து நடத்திய பட்டறை, பிரிந்தபோது அவர் பக்கம் போனது. மரம் இழைக்கும் மிஷின் இவள் பக்கம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வாடகைக்கு ஒரு கூடம் பேசியிருந்தாள். சாலையைப் பார்த்த அறை, நல்ல வெளிச்சம். "சாயங்காலத்துக்குள்ள வந்து சாவி வாங்கிக்கோங்க, இன்னொருத்தரும் கேட்டுக்கிட்டிருக்கார்" என்று கூடத்துக்காரர் சொல்லியிருந்தார்.

டிரெய்லர் தெரிந்தவரிடம் இரவல். அத்தான் மிஷினை அதில் ஏற்ற வந்தார்.

[அவரை வில்லனாக்க இரண்டு பத்தி முயன்றேன். முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. பிரிந்து போகிறவளின் பாரத்துக்குத் தோள் கொடுக்க வந்த மனிதர் அவர்.]

அக்காவின் பழைய ஜீப்புக்குப் பின்னால் இழுவைக் கொக்கி ஒன்று இருந்தது. அதன் நுனியில் இரும்புக் குண்டு. டிரெய்லரின் மூக்கில் இருக்கும் கிண்ணத்தை அந்தக் குண்டின் மேல் இறக்கி, அத்தான் லாக்கைத் தட்டினார்.

"பொருந்திடுச்சு. கிளம்புங்க."

அக்கா கிண்ணத்தைப் பிடித்து ஆட்டினாள். "தொளதொளன்னு இருக்கே."

"ஓட ஓடச் சரியாயிடும்."

அக்கா ஜாக்கியை எடுத்து டிரெய்லரின் மூக்குக்கு அடியில் வைத்துச் சுற்றத் தொடங்கினாள். பூட்டு ஒழுங்காகப் பிடித்திருந்தால் ஜீப்பின் பின்பக்கமும் கூடவே எழும்ப வேண்டும். எழும்பவில்லை. டொக்கென்று ஒரு சத்தம். போட்ட லாக் போட்டபடி இருக்க, கிண்ணம் மட்டும் குண்டை விட்டு வெளியே வந்து அந்தரத்தில் நின்றது.

 பிறகு அத்தான், "ரோட்டுல யாரு ஜாக்கி வைக்கப் போறா?" என்றார்.

"பள்ளம் வைக்கும்," என்றாள் அக்கா.

3

குண்டு ஒரு நூல் சின்னது.

[தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மலையிறக்கத்தில், வளைவில், அந்த ஒரு நூல்... வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்க விட்டால் அது ஆசிரியர் கேட்ட இடத்துக்கே ஓடிவிடும்.]

ஜீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் சரியான அளவுக் குண்டைப் பளபளவென்று எடுத்து வைத்தார். வேலை முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். அக்கா ஜீப்புக்கு அடியில் குனிந்து, கொக்கியைத் தாங்கும் பட்டையைத் துணியால் துடைத்து, அதில் அடித்திருந்த எடையைப் படித்தாள். டிரெய்லரும் மிஷினும் சேர்ந்தால் அதற்கு மேல் போகும்.

"ஒரே ஒரு தடவைதானேம்மா, தாங்கும்," என்றார் கடைக்காரர்.

"எத்தனாவது தடவைன்னு இரும்பு எண்ணிக்கிட்டா இருக்கும்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஜீப் இழுக்குற எடை ஒண்ணு, பட்டை தாங்குற எடை ஒண்ணு, குண்டு தாங்குறது ஒண்ணு. இதுல எது கம்மியோ அதுதான் நம்ம கணக்கு. பெருசைப் பார்த்து மனசைத் தேத்திக்கக் கூடாது."

ஜீப்பால் இழுக்க முடியும். பட்டைதான் போதாது. கனமான பட்டை வாங்கி, ஜீப்பின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கிக்கொண்டிருக்கும்போது கூடத்துக்காரரின் போன்.

"இன்னும் கிளம்பலையா? நான் எவ்வளவு நேரம் பார்க்கறது?"

"உங்க இஷ்டம்ங்க. சரியா மாட்டாம நான் கிளம்ப மாட்டேன்."

போனை வைத்துவிட்டு ஸ்பேனரைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

4

திரும்பி வந்து டிரெய்லரை மாட்டி மறுபடி ஜாக்கி வைத்தாள். இந்தமுறை ஜீப்பின் முதுகும் சேர்ந்து எழும்பியது. அத்தான் மிஷினைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தக் கை கொடுத்தார். பாரம் பின்னால் இருந்தால் ஓட்டத்தில் வால் ஆடும் என்று அக்கா பிடிவாதமாகச் சொன்னாள். டிரெய்லர் மூக்கிலிருந்த இரண்டு காவல் சங்கிலிகளையும் கிண்ணத்துக்கு அடியில் குறுக்காக ஜீப்பில் மாட்டினாள். கிண்ணம் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் தொட்டில் போல ஏந்திக்கொள்ளும். அத்தான் பின்னால் போய் நின்று விளக்குகளைப் பார்த்து, "எரியுது, எரியுது" என்று கத்தினார்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு," என்றார். அக்கா தலையசைத்தாள்.

மலையிறக்கத்தில் ஒரு பஸ் உரசுவது போல எதிரே கடந்தது. டிரெய்லர் ஒருமுறை அசைந்து அடங்கியது. அவ்வளவுதான். அக்கா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கூடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். பின்பக்கக் கொட்டகைதான் மிச்சம். ஒரே ஜன்னல், அதுவும் சுவரைப் பார்த்து. அக்கா அதன் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"வருத்தமாக்கா?"

"ஆமா. ரொம்ப." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாளைக்கும் இதே மாதிரி வந்தா இதையேதான் செய்வேன். வா, ஒரு கை பிடி."

5

கூடம் கிடைத்துவிட்டதாக ஒரு முடிவு எழுதி, கிழித்துப் போட்டேன். பொய். ஆசிரியருக்காக இன்னொன்று எழுதப் பேனாவை எடுத்து, கீழே வைத்துவிட்டேன். ஒன்றும் நடக்காமல் இருக்க ஒருத்தி நாள் முழுக்க உழைத்திருக்கிறாள். வெளிச்சமான ஒரு அறையை இழந்திருக்கிறாள். அதன் மேல் ஒரு விபத்தைக் கொண்டுவந்து கொட்ட என்னால் முடியாது. செய்யவும் மாட்டேன்.

உங்களுக்கு விபத்து இல்லாமல் கதை இனிக்காது என்றால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மலையிறக்கம் முழுக்க எங்கள் டிரெய்லருக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கார் வந்தது, முந்த இடமில்லாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே. நிபந்தனை ஒன்றுதான்: அந்தக் காரில் உங்கள் வீட்டாரோடு நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பேனா இதோ.