உப்பு பார்த்தவர்

காணும் பொங்கலன்று காலை அன்னக்கிளி கரண்டியோடு கூடத்துக்கு வந்தபோது பலராமன் ஒரு கையில் காபியும் மறு கையில் பேப்பருமாக உட்கார்ந்திருந்தார்.

"இந்தாங்க, கைய நீட்டுங்க. உப்பு பாத்து சொல்லுங்க."

நாலு மாதமாக இதே வழக்கம். தினமும் குழம்பு கொதிக்கிற நேரத்தில் அவருடைய உள்ளங்கையில் ஒரு சொட்டு விழும். முதல் வாரம் ஒழுங்காக நக்கிப் பார்த்தார். அப்புறம் சலித்துவிட்டது. நல்ல காபியின் நடுவில் புளியை எவன் நக்குவான்? அவள் திரும்பியதும் தோளில் கிடந்த துண்டில் துடைத்துவிட்டு, "சரியாருக்கு" என்பார். ஒரு நாளும் தப்பு நடக்கவில்லை. இரண்டு பேர் சமையலுக்கு அன்னக்கிளியின் கையே அளவு. இத்தனைக்கும் மனிதர் மில்லில் துணி சோதிக்கிற மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு இழை பிசகினாலும் முழு பீஸையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

அன்றைக்குச் சமையல் பன்னிரண்டு பேருக்கு. மகன் வெற்றிச்செல்வனுக்குத் தலைப்பொங்கல். மருமகள் சிவசங்கரியோடு உழவர்கரையில் மாமனார் வீட்டில் இருந்தான். சம்பந்தி வீட்டார் வேன் பிடித்துச் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறைக்கு வந்துவிடுவார்கள், சாப்பாடு தன்னுடையது என்று அன்னக்கிளி ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். நாலு மணிக்கே எழுந்து குளித்து, தனக்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே புளிக்காய்ச்சல் கிண்டினாள். ஊருக்கே ஆக்கிப்போடச் சொன்னாலும் அலுக்காதவள்.

"நெசமா பாத்தீங்களா? நெறைய பேருக்கு ஆக்குறேன், அளவு புடிபடல."

"அதான் சொல்றேன்ல, சரியாருக்கு" என்றார், பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல். கை துண்டில் இருந்தது.

சுண்ணாம்பாற்றில் திருவிழாக் கூட்டம். படகில் போய், மணலில் பிள்ளைகளோடு ஓடி, பசியோடு வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். அன்னக்கிளி தூக்குகளைத் திறந்து ஒவ்வொரு இலையிலும் புளிசோறும் எறா தொக்கும் வைத்தாள். சம்பந்தி ஆதிமூலம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பேச்சிலும் பழக்கத்திலும் அவ்வளவு நாசூக்கு. முதல் கவளத்தை விழுங்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். அன்னக்கிளி மறுபடி சோற்றை அள்ளியபோது இலைமேல் கையை விரித்து, "மெர்சி சம்பந்தி, போதும்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி மறுத்தார். அவர் மனைவி தனக்கொடி தயிரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குழந்தை துப்பியே விட்டது.

பலராமனும் வாயில் வைத்தார். உப்புக் கரித்தது. காலையில் துண்டில் துடைத்தது அந்தக் கணமே நினைவுக்கு வந்தது. வந்ததும் ஒரு யோக்கியன் என்ன செய்திருப்பான்? இவர் சிரித்தார்.

"என்னாடி, கடத்தண்ணிய மொண்டாந்து சோறாக்கினியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சங்கடம் தீர்ந்ததே என்று கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். அன்னக்கிளி அவரை ஒரு முறை பார்த்தாள். நீங்கதானே பாத்தீங்க என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"கை தவறிடுச்சு போல" என்று சொல்லித் தூக்கை மூடினாள்.

"வுடுங்கத்த. இனிமே எங்கயாவது கெளம்பனா ஓட்டல்ல வாங்கிக்கலாம். இந்த வயசுல நீங்க ஏன் கஷ்டப்படணும்?" என்றாள் சிவசங்கரி. நல்ல மனதோடு சொன்னதுதான்.

"சரிம்மா" என்றாள் அன்னக்கிளி. பலராமன் குனிந்து இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்றார். அதைப் பெரிய பிராயச்சித்தமாக நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் எல்லோரும் பலராமனின் முத்தியால்பேட்டை வீட்டுக்கே காபிக்கு வந்தார்கள். காபி கலந்தது மருமகள். அன்னக்கிளி பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறேன் என்று போய் வெகுநேரமாகத் திரும்பவில்லை. பலராமன் போய்ப் பார்த்தபோது தேய்க்காத தூக்குகளின் நடுவே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "நாலு மாசம் முன்னாடி எனக்கு அந்தச் சிக்குன்குனியா ஜொரம் வந்துச்சில்ல, அதுலேர்ந்து எனக்கு நாக்குல ஒண்ணும் தெரியல. உப்பு, ஒறைப்பு, எதுவுமே. சொன்னா அடுப்பாண்ட வுட மாட்டீங்கன்னு சொல்லல. நீங்க பாத்து சொல்றீங்கன்ற தைரியத்துலதான் ஆக்கிகினு இருந்தேன்."

பலராமன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"காலைல நீங்க சரியாருக்குன்னு சொன்னீங்க. அப்ப சரியாத்தான் இருந்திருக்கு. அப்பறமா நானே மறந்துபோயி இன்னொரு வாட்டி உப்பு போட்டிருக்கேன். எவ்ளோ யோசிச்சாலும் போட்டது ஞாபகத்துக்கு வரல. நாக்குதான் போச்சுன்னு நெனச்சேன், புத்தியும் போவுதுங்க. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. எனக்குப் பயமா இருக்கு. நாளையிலேர்ந்து நான் அடுப்பத் தொடல."

"அன்னம்" என்றார். "நான் பாக்கல."

"என்னா பாக்கல?"

"உப்பு. வாயிலயே வெக்கல. துண்டுல தொடைச்சிட்டு சரின்னேன். இன்னிக்கி மட்டும் இல்ல. மாசக்கணக்கா அப்படித்தான்."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். திட்டட்டும், தூக்கை எடுத்து வீசட்டும். வீசினால் வாங்கிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு யோக்கியதை இல்லை.

"அப்ப நான் ரெண்டு வாட்டி போடல?"

"இல்ல."

"அப்ப என் புத்திக்கு ஒண்ணும் ஆவல இல்ல?"

நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கண்ணில் நீர் தளும்ப, "தாயே, காப்பாத்தினே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர்மேல் கோபப்படவேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கப் பலராமனுக்கு உடம்பு கூசியது.

அவர் எழுந்து கூடத்துப் பக்கம் நடந்தார். "எங்க போறீங்க? அவங்களாண்ட எதுவும் சொல்லிடாதீங்க, உங்களுக்குத்தான் அசிங்கம்" என்றாள் அன்னக்கிளி.

கூடத்தில் ஆதிமூலம் காபி டம்ளரோடு நிமிர்ந்தார். "சம்பந்தி, காலைல அன்னத்துகிட்ட நான் ஒரு பொய் சொன்னேன்" என்று பலராமன் ஆரம்பித்தார். உப்பு பார்க்காமலே சரி என்றதைச் சொல்லி முடிக்கிறவரை அவரால் மருமகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.