அடி அண்ணாமலைப் பள்ளம்

மௌலியின் பள்ளம் வரைபடத்தாளில் இருந்தது.

மலையைச் சுற்றிப் பல இடங்களில் நின்று, மெட்ராஸ் ரேடியோ நிலையத்தின் அலை எங்கே எவ்வளவு பலமாக வருகிறது என்று அளந்து கோடு போட்டிருந்தான். கோடு பெரும்பாலும் சமமாகத்தான் ஓடியது. அடி அண்ணாமலையில் மட்டும் கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்தது. எப்போது அளந்தாலும் விழுந்தது. அந்த இடத்தில் மலை மெட்ராஸுக்குக் குறுக்கே நிற்கவும் இல்லை. அப்படியானால் அலையை விழுங்குவது தரைக்கடியில் இருக்கும் ஏதோ ஒன்று. அநேகமாக இரும்புத் தாது. இதுதான் அவனுடைய கட்டுரை.

1967ஆம் வருஷம் ரேடியோ அலை ஆராய்ச்சியாளர்கள் திருவண்ணாமலையில் ஒரு சத்திரத்தில் கூடினார்கள். பூமியைத் தோண்டாமல், தூரத்திலிருந்தே அலைகளைக் கொண்டு அதன் உள்ளே இருப்பதை அறிய முடியுமா என்பது பேச்சு. சத்திரத்து மேனேஜர் ஏகாம்பரநாதன், வந்தவர்களை ஏதோ பஜனை கோஷ்டி என்று நினைத்து, மேடையில் ஜமுக்காளம் விரித்து ஹார்மோனியத்தையும் துடைத்து வைத்திருந்தார். டில்லியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அதன்மேல்தான் தன் குறிப்புகளை வைத்துக்கொண்டு பேசினார்.

மௌலி உள்ளூர்க் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தான். அப்பா கோயிலில் பூஜை செய்பவர். மனைவி லலிதாம்பாள் இறந்து இரண்டு வருஷமாகிறது. அழ வேண்டியவர்களெல்லாம் அழுது முடித்துவிட்டார்கள். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டான், பாடம் நடத்தினான், அளந்தான். கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டான். கட்டுரை தேறினால் பெங்களூரில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைக்கும். வீட்டைப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். அவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த இடத்தைக் கொடுக்க வேண்டியவர் பெங்களூரிலிருந்து வந்திருந்த டாக்டர் சந்திரகலா. அவர் கட்டுரையைப் படித்துவிட்டு, "பள்ளம் ரொம்ப அழகா இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு. சாயங்காலம் நீங்க பேசறதுக்குள்ள ஒரு தடவை என் கண்ணால பார்த்துடறேனே" என்றார்.

காலையில் கிளம்பினார்கள். மௌலியின் முதுகில் அவனே செய்த ஏரியல். சதுர மரச்சட்டம், சுற்றிலும் கம்பி. மீனின் முதுகுத் துடுப்பு மாதிரி நிமிர்ந்து நின்றது. சட்டத்தின் விளிம்பு மெட்ராஸைப் பார்த்தால் அலை பலமாக வரும். பக்கவாட்டில் திரும்பினால் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் திசைகாட்டியைப் பார்த்து மெட்ராஸ் பக்கம் திரும்பி நிற்பான். பின்னால் நீள ஒயரின் முனையில், மீட்டர் பெட்டியோடு லேப் அட்டெண்டர் அப்பாதுரை உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொல்வார்.

வழியில் மோர் விற்றுக்கொண்டிருந்த ஆராயி அவர்களை நிறுத்தினாள்.

"இன்னா சாமி, காவடியா?"

"ரேடியோ" என்றான் மௌலி.

"பாட்டு வரலியே."

"பாட்டு வராது ஆயா, தங்கம் வரும்" என்றார் அப்பாதுரை. "அடி அண்ணாமலைல என் மச்சான் நிலத்துக்கு அடியில இருக்குது. சார் கண்டுபிடிச்சிட்டாரு."

"இரும்பு, அப்பாதுரை. அதுவும் இருக்கலாம்னுதான் சொன்னேன்."

"இரும்புனா வெலை கம்மி சார். மச்சான் கிட்ட தங்கம்னே சொல்லிட்டேன். இந்த வருஷம் கடலை போடலாமா வேணாமானு யோசிக்கிறான்."

சந்திரகலா இரண்டு குவளை மோர் குடித்தார்.

அடி அண்ணாமலையில், கோயிலைத் தாண்டி மலை முழுசாகத் தெரியும் இடத்தில் நின்றார்கள். மௌலி திசைகாட்டியைப் பார்த்து நின்றான். இந்தத் தடவை மீட்டர் சந்திரகலாவின் கையில்.

"நல்லாத்தானே வருது" என்றார்.

மௌலி முதுகுச் சட்டத்தைச் சரிசெய்துகொண்டான். "கொஞ்சம் பொறுங்க."

சிறிது நேரம் கழித்து, "அட, விழுந்துடுச்சு" என்றார் சந்திரகலா.

"சொன்னேனில்லையா?"

காலடிச் சத்தம் கேட்டது. யாரோ முதுகிலிருந்த சட்டத்தைப் பிடித்து, மாட்டைத் திருப்புவது மாதிரி அவனைத் திருப்பினார்கள்.

"அப்பாதுரை, முள் எங்க இருக்கு?" மீட்டரை அவரிடம் விட்டுவிட்டு வந்திருந்த சந்திரகலாதான் கேட்டார்.

"மேல போய்ட்ச்சிமா."

"இப்போ?" மறுபடி மலைப் பக்கம் திருப்பினார்.

"படுத்துட்ச்சி."

"மௌலி, நீங்களே மலைப் பக்கம் திரும்பிட்டீங்க. கையை வேற கூப்பியிருக்கீங்க."

மௌலி கையைப் பார்த்தான். கூப்பித்தான் இருந்தது.

"ஏன் அப்பாதுரை, இவர் எப்பவுமே இங்க திரும்புவாரா?"

"ஆமாம்மா. சாரு கும்பிடுவாரு, நானும் கும்பிட்டுட்டு அப்புறம் முள்ளைப் பார்ப்பேன்."

"இதை நீ சொல்லவே இல்லையே" என்றான் மௌலி.

"சாமி கும்பிடற மனுசனைப் போயி யாராவது தப்புனு சொல்லுவாங்களா சார்?"

லலிதா ஒவ்வொரு முறை மலை சுற்றும்போதும் இதே இடத்தில்தான் அவன் சட்டைக்கையைப் பிடித்து இழுப்பாள். வழியெல்லாம் அவன் ஏதாவது கணக்கு பேசிக்கொண்டு வருவான். "போறும், இங்கேயாவது வாயை மூடிண்டு மலையைப் பாருங்கோ" என்பாள். திரும்புவான், கும்பிடுவான். அவள் போனபிறகும் உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. அதை இவ்வளவு துல்லியமாக அளந்து, கோடு போட்டு, இரும்புத் தாது என்று எழுதியிருக்கிறான்.

அழுகை வருகிறது என்று நினைத்தான். வந்தது சிரிப்பு. சட்டம் முதுகில் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். ஏனென்று தெரியாமலே அப்பாதுரையும் சேர்ந்துகொண்டார்.

மாலையில் மௌலி மேடையேறி, வரைபடத்தை மாட்டி, பள்ளம் எப்படி வந்தது என்பதை உள்ளபடியே சொன்னான். திரும்பியும் காட்டினான். ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துத் தீர்த்தார்கள்.

டில்லிப் பேராசிரியர் கேட்டார்: "அப்போ தரைக்கடியில் ஒன்றுமே இல்லையா?"

"இந்த வருஷம் கடலை இருக்கும் சார்."

கூட்டம் முடிந்ததும் சந்திரகலா வந்தார். "பெங்களூருக்கு எப்ப வரீங்க?"

"பள்ளமே இல்லையே டாக்டர்."

"பள்ளம் யாருக்கு வேணும்? சுத்தமா அளந்து அனுப்புங்க, இடம் தரேன். ஆனா ஏரியலுக்கு ஒரு மர ஸ்டாண்டு பண்ணிக்குங்க. அது கும்பிடாது."

அடுத்த வாரமே ஸ்டாண்டு தயாராகிவிட்டது. ஆராயி அதைத் தட்டிப் பார்த்து, இந்தக் காவடிக்கு ஆள் வேண்டாமா என்று கேட்டாள். அடி அண்ணாமலையில் மௌலி சட்டத்தை அதில் பொருத்தினான். விளிம்பை மெட்ராஸ் பக்கம் வைத்துத் திருகாணியை முடுக்கினான்.

"முள் எப்படி?"

"அசையல சார்."

"சரி, பார்த்துட்டே இரு" என்று சொல்லிவிட்டு, மௌலி மலைப் பக்கம் திரும்பினான்.