மார்ட்டினின் கரண்டி

பாராட்டு விழாவில் போர்த்திய பொன்னாடையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு பேராசிரியை சுமலதா மாடி ஏறினாள். மேலே இளநிலை மாணவிகளின் வேதியியல் ஆய்வகம். ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்யும் சோதனை முடிந்து, குடுவையில் மிஞ்சிய டைக்குரோமேட் கரைசலைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சும் பச்சையுமாகத் தண்ணீர் சுழன்று இறங்கியது.

வாசலில் கட்டைப்பையோடு ஆனந்தமேரி நின்றாள். இந்த ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் குடுவை கழுவிய மார்ட்டினின் மனைவி. அவன் நெஞ்சுவலியில் போய் நாற்பது நாள்தான் ஆகிறது.

“அவரு சாமானை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் மேடம். கீழ ஒரே கைதட்டலு. உங்களுக்கு விருதாமே?”

“ஆமாம்மா” என்ற சுமலதா அலமாரியைத் திறந்துவிட்டாள். ஒரு காக்கிச் சட்டை, ஜெபமாலை, எவர்சில்வர் கரண்டி. அடியில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை. கிழிந்த விரல் நுனிகளைச் சைக்கிள் பஞ்சர் ஒட்டுப் போட்டு ஒட்டியிருந்தான்.

கரண்டியைப் பார்த்ததும் ஆனந்தமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதுக்கு இவரு பட்ட கிண்டல் கொஞ்சமா! வைத்திக்குப்பத்துல எங்க அண்ணன் வூட்டுக்குப் போனா, ‘முசியே தொரை வந்துட்டாரு, கரண்டி கொண்டாங்கடி’ம்பாங்க. மீன்கொழம்புல கைய வெக்க மாட்டாரு. வெரலெல்லாம் குழிப்புண்ணு மேடம். உப்பு, காரம் பட்டா எரியும். ‘யார்கிட்டயும் சொல்லாதடி, மேடம் பேரு கெட்டுடும்’னுட்டாரு. பவுசுக்காரன்னு பேரு வாங்கினதுதான் மிச்சம்.”

சுமலதாவுக்கு அந்தப் புண்கள் தெரியும். அந்த ஆரஞ்சுக் கரைசலிலுள்ள குரோமியம் தோலை அரித்துக் குழி போடும் என்பது அவளே நடத்துகிற பாடம். மார்ட்டின் புதுக் கையுறை கேட்டபோது, “அடுத்த பர்ச்சேஸ் லிஸ்ட்ல போட்டுடலாம்” என்றிருக்கிறாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

“அந்த மீன் தொட்டி பம்பு இன்னும் ஓடுதா மேடம்? ‘நான் வாங்கியாந்த பம்பாலதான் மேடம் பேரெடுத்தாங்க’ன்னு தெருவெல்லாம் சொல்லுவாரு.”

ஓடியது. கீழே ஆராய்ச்சி அறையில், ஒரு சிட்டிகை செம்பு உப்பு, கொஞ்சம் துணை வினையூக்கி, பம்பு ஊதும் வெறும் காற்று. அதே ஆல்கஹால், இங்கே சோதனையில் கிடைக்கிற, வாதுமை மணக்கும் அதே பொருளாக மாறிவிடும். கூடவே உண்டாவது தண்ணீர்தான். குரோமியம் ஒரு துளி வேண்டாம். அதற்குத்தான் இந்தப் பொன்னாடை.

“காத்துலயே ஆவுதுன்னு அவரு சொல்லுவாரு. அப்ப இங்க மட்டும் எதுக்கு மேடம் இன்னும் அந்த ஆரஞ்சுத் தண்ணி?”

அவள் குற்றம் சாட்டவில்லை; தெரியாமல்தான் கேட்டாள். அதனால்தான் சுமலதாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். காற்று வழியைக் கண்டுபிடித்து ஆறு வருடமாகியும் எழுதவில்லை. கட்டுரை எழுதினால் விருது வரும். செய்முறைக் கையேட்டை மாற்றினால் யார் மாலை போடுவார்கள்? கையில் கிடந்த பொன்னாடை முள்ளாகக் குத்தியது.

“கவிநிலா, ஊத்தாத!”

குடுவையோடு தொட்டியருகே நின்ற மாணவி திடுக்கிட்டாள். “எப்பவும் இதுலதான ஊத்துவோம் மேடம்?”

“இனிமே வேணாம். மிச்சத்தையெல்லாம் மூடி போட்ட கேன்ல சேத்து வை. நாளைக்கு அந்தப் பம்பு மேல வரும்.”

“அப்ப எக்ஸாமுக்கு?”

“மாத்தச் சொல்லி இன்னிக்கே எழுதறேன். மாத்தற வரைக்கும் விட மாட்டேன்.”

ஆனந்தமேரி கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டாள். கையுறையை எடுக்கவில்லை. “இது வூட்டுக்கு எதுக்கு மேடம்? இங்கயே கெடக்கட்டும்.”

சுமலதா அந்த ஒட்டுப்போட்ட கையுறையைக் கையில் எடுத்தாள். மாணவிகள் பக்கம் திரும்பி அதை உயர்த்திக் காட்டினாள்.

“தெரியாம செஞ்சா தப்புன்னு மன்னிக்கலாம். நல்ல வழி தெரிஞ்சும், அதை மேடையில மட்டும் பேசிட்டு, விஷத்தை இன்னொருத்தர் கையால கழுவ விட்டேன் பாரு, அதுக்குப் பேரு துரோகம். படிச்சது அடுத்தவன் கையைக் காப்பாத்தலைன்னா, நாம படிச்சதா சொல்லிக்கவே கூடாது.”