அரக்கு வைத்த டப்பா

நாலு மணி வரைதான் கெடு. அதற்குள் மாத்திரை டப்பாவை எங்கே போட்டான் என்று ரெடி வாயைத் திறக்காவிட்டால், ஜட்ஜ் அண்ணனின் மனைவி போலீசுக்குப் போய்விடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து காலையிலேயே டைரக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.

ஜட்ஜ் அண்ணன் நிஜ ஜட்ஜ் இல்லை. இந்த நாடகக் குழுவில் எந்த நாடகத்தில் நீதிபதி வந்தாலும் அந்த வேஷம் அவருக்குத்தான். இப்போது ஒத்திகையில் இருப்பது ஒரு பழைய வழக்கு. பாலில் விஷம் கலந்து எஜமானைக் கொன்றதாக ஒரு வேலைக்காரியைத் தூக்கில் போடுகிறார்கள். அவள் பெட்டியில் கிடைத்த ஒரு சின்ன டப்பாதான் ஒரே சாட்சியம். அதில் இருந்தது விஷமே இல்லை என்று தெரியவரும்போது அவள் உயிரோடு இல்லை.

ரெடி அந்தக் குழுவின் மாற்று நடிகன். யாருக்காவது முடியாமல் போனால் அந்த வேஷத்தை அவன் போடவேண்டும். எல்லோருடைய வசனமும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. யாராவது தும்மினால் போதும், "அண்ணே, உடம்புக்கு முடியலையா? நான் ரெடி!" என்று முன்னால் வந்து நிற்பான். மூன்று வருடமாகத் தும்மினார்களே தவிர ஒருவரும் படுக்கவில்லை. அவன் ஒருநாளும் மேடை ஏறவில்லை.

நேற்று மதியம் ஒருவர் படுத்தார். இரண்டாம் காட்சியில், நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜட்ஜ் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கறுப்பு அங்கியின் உள்பைக்குள் கையை விட்டுத் துழாவினார். எப்போதும் அங்கே இருக்கும் இதய மாத்திரை டப்பா இல்லை. அப்படியே சரிந்தார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு டைரக்டர் எல்லோரையும் கூடத்தில் நிறுத்திக் கேட்டார்.

"ஒத்திகைக்கு முன்னாடி அங்கி ஆணியில தொங்கிச்சு. பக்கத்துல போனது யாரு?"

பதில் சொன்னது சாமானக்கா.

"ரெடி நின்னுக்கிட்டு இருந்தான் சார். அங்கியத் தொட்டுக்கிட்டு நின்னான். நான் பாத்தேன்."

பொய் இல்லை. பார்த்ததைத்தான் சொன்னாள். ஆனால் அதற்கப்புறம் எல்லோருக்கும் ஞாபகசக்தி வந்துவிட்டது.

"அண்ணன் ஒரு நாள் படுத்தா நான் ஒரு நாள் ஜட்ஜுன்னு போன வாரம் சொன்னியேடா?" என்றார் மேக்கப்காரர். போன வாரம் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் அவர்தான்.

ரெடியின் முகம் வெளுத்துப்போனது. இல்லை என்று ஒரு தடவை மட்டும் சொன்னான். எல்லோர் பையையும் கொட்டிப் பார்த்தார்கள். நாற்காலி வைத்திருந்த மேடைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார்கள். சாமானக்காவின் மேஜையை மட்டும் யாரும் தொடவில்லை.

தொடமாட்டார்கள். மேடைக்கு வேண்டிய பொருள் எல்லாம் அவள் பொறுப்பு. மேஜை மேல் வெள்ளைத்தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்து அதைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்து, உள்ளே நம்பர் போட்டிருப்பாள். "கோட்டுக்குள்ள இருந்தா என் பொறுப்பு. வெளிய இருந்தா உங்க தலையெழுத்து" என்பாள். பதினோரு வருடத்தில் ஒரு பொருள் இடம் மாறியதில்லை. நேற்றும் கேட்டார்கள். "என் மேஜை சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

இன்று மதியம் இரண்டே கால். நாற்காலிக் கால் ஆடுகிறதென்று பசை எடுக்க, பழுது பார்க்கும் கூடையைத் திறந்தாள். கூடையின் அடியில், மூடியில் ரப்பர் பேண்டு சுற்றிய ஒரு வட்டமான கறுப்பு டப்பா இருந்தது.

சாமானக்கா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

அது நாடகத்து டப்பா. ஏழாம் நம்பர். முந்தாநாள் மூடியின் கீல் விட்டுப்போக, பசை தடவிக் காய வைத்தவள் அப்படியே மறந்திருக்கிறாள். அப்படியானால் மேஜையில் ஏழாம் நம்பர் கோட்டுக்குள் இருப்பது என்ன?

இதே மாதிரி டப்பாவைக் கடையில் இரண்டாகத்தான் வாங்கியிருந்தாள். ஒன்றைப் பார்த்து, "மாத்திரை வெச்சுக்க அம்சமா இருக்கேம்மா" என்று ஜட்ஜ் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். நேற்றுக் காலை அங்கி இஸ்திரிக்குப் போனது. பையில் இருந்ததையெல்லாம் அவர் பக்கத்திலிருந்த மேஜை மேல் எடுத்து வைத்தார். அவள் மேஜை மேல்! பிறகு மூக்குக் கண்ணாடியையும் கைக்குட்டையையும் எடுத்துக்கொண்டார். டப்பா, தனக்கென்று கோடு போட்டு வைத்த மாதிரி, காலியாக இருந்த வட்டத்தில் உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் வந்தவள் அவள். கோட்டுக்குள் இருந்ததால் திறந்துகூடப் பார்க்கவில்லை. கோர்ட்டில் சாட்சிப் பொருளுக்குச் செய்வது போல நூலைச் சுற்றினாள், 'சான்று 7' என்று சீட்டுக் கட்டினாள், சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றிக் கட்டைவிரலால் அழுத்தினாள். குலுக்கியும் பார்த்தாள். சத்தம் வந்தது. நாடகத்து டப்பாவிலும் சத்தத்துக்காக நாலு பாசிமணி போட்டிருந்தாளே, அந்தச் சத்தம் என்றே நினைத்தாள்.

மேஜைக்கு ஓடினாள். நகத்தால் அரக்கைப் பெயர்த்தாள். உள்ளே வெள்ளை மாத்திரைகள்.

இரண்டாம் காட்சியில் வக்கீல் வேஷக்காரர் அதை நீதிபதியின் காதருகே குலுக்கி, அவர் முன்னாலேயே வைத்துவிட்டுப் போவார். ஜட்ஜ் அண்ணன் பையைத் துழாவிச் சரிந்தபோது, மாத்திரை அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு அதை எடுத்து மறுபடி கோட்டுக்குள் வைத்ததும் அவள்தான்.

கூடத்து மூலையில் ரெடி காலையிலிருந்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இவள் பக்கம் திரும்பவில்லை.

சொல்லிவிடலாம். அவன் பக்கம் நான்கு அடி வைத்தாள். நின்றாள். சொன்னால் பதினோரு வருடம் போச்சு. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். 'உன் மேஜை சரியா இருக்குன்னியே?' என்று ஒருவர் கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

வேறு வழி ஒன்று இருந்தது. டப்பா தானாகக் கிடைத்தால்? அண்ணன் விழுந்தபோது உருண்டு ஓடியிருக்கும் என்றால்? பையனும் தப்பிப்பான், இவளும் தப்பிப்பாள். அரக்குத் துண்டுகளையும் சீட்டையும் கைக்குட்டையில் முடிந்து ஜாக்கெட்டுக்குள் செருகினாள். பெருக்குகிற சாக்கில் துடைப்பத்தோடு போய், மேடைப் பலகைக்கு அடியில் டப்பாவைத் தள்ளிவிட்டாள். துடைப்பம் இரண்டு தரம் நழுவியது.

மூன்று மணிக்கு டைரக்டர் மற்றவர்களோடு வந்தார்.

"சார், பலகைக்கு அடியில என்னமோ கறுப்பா தெரியுது" என்றாள்.

டைரக்டர் குனிந்து எடுத்தார். திறந்தார். முகம் மலரும் என்று காத்திருந்தாள். அவர் முகம் கறுத்தது.

"நேத்து இந்தப் பலகைய நானே தூக்கிப் பாத்தேன். இங்க ஒண்ணும் இல்ல. காலையிலேர்ந்து இந்தக் கூடத்துல தனியா உக்காந்திருக்கிறது யாரு?"

ரெடி எழுந்து நின்றான்.

"பயந்துபோய்க் கொண்டாந்து போட்டுட்டியா?"

"சார், நான் நாற்காலிய விட்டே எழுந்திரிக்கல சார்."

"நடிக்காதடா. இவ்வளவு நல்லா மேடையில நடிச்சிருந்தா எப்பவோ சான்ஸ் கொடுத்திருப்பேன்."

சொல்லிக்கொண்டே போனைப் போட்டுவிட்டார். போன் ஒலிபெருக்கியில் ஜட்ஜ் அண்ணன் மனைவியின் குரல் கூடம் முழுக்க அறைந்தது.

"கெடச்சிருச்சா? அப்ப எடுத்தது அவன்தான்னு ஆயிப்போச்சு. நாலு மணி எதுக்கு? இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன்."

"போகாதீங்க அண்ணி!" சாமானக்காவுக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை. "எடுத்தது அவன் இல்ல. நான்தான்."

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"சாமானக்கா, பையன் மேல எரக்கப்பட்டுப் பழிய உங்க தலையில போட்டுக்காதீங்க. உங்க மேஜையப் பத்தி ஊருக்கே தெரியும்."

"என் மேஜையிலதான் சார் இருந்தது!"

"சும்மா இருங்க."

நேற்று அவள் சொன்ன அரை வாக்கியத்தை அத்தனை பேரும் நம்பினார்கள். இன்று முழு உண்மையைச் சொல்கிறாள், ஒருத்தருக்கும் காதில் ஏறவில்லை. கைக்குட்டையை உருவி மேஜை மேல் உதறினாள். சிவப்பு அரக்குத் துண்டுகள் சிதறின. அவள் கையெழுத்தில் 'சான்று 7'. ஒரு துண்டில் கட்டைவிரல் ரேகை. பக்கத்தில், கூடையிலிருந்து எடுத்த நாடகத்து டப்பாவை வைத்தாள். குலுக்கிக் காட்டினாள். பலகைக்கு அடியில் தள்ளியதையும் விடாமல் சொன்னாள்.

டைரக்டர் இரண்டு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

போனில் அண்ணி கேட்டார்.

"அவர் கண்ணு முன்னாடியா இருந்துச்சு?"

"ஆமா அண்ணி."

"எந்த மூஞ்சியோட இத நான் அவருகிட்ட சொல்றது? நீயே வந்து சொல்லு. அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு வா. அவன்கிட்ட நானும் பேசணும்."

போன் நின்றது. டைரக்டர் ரெடியின் தோளில் கை வைக்கப் போனார். அவன் விலகி, பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். மேக்கப்காரர் தூரிகைகளைக் கழுவத் தொடங்கினார். அவை காலையிலேயே கழுவியவை.

பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. ரெடியிடமிருந்து சாமானக்கா நாலடி தள்ளி நின்றாள். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தாள். அவனே பேசினான், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"நான் அங்கிய ஏன் தொட்டேன்னு யாருமே கேக்கல."

"ஏன்டா?"

"போட்டுப் பாக்கலாம்னு. எனக்கு அளவா இருக்குமான்னு."

"அத நேத்தே சொல்லியிருக்கலாமேடா. ஏன் வாய மூடிக்கிட்டு நின்ன?"

அவன் ஒரு லாரி போய் முடியட்டும் என்று காத்திருந்தான்.

"அண்ணன் சரிஞ்சாரு பாருங்க. எல்லாரும் ஓடினாங்க. நானும் ஓடினேன். ஆனா ஓடும்போதே மனசுக்குள்ள என்ன ஓடிச்சு தெரியுமா? மூணாவது காட்சியில ஜட்ஜோட முதல் வசனம். ஒரு எழுத்து பிசகாம. அப்புறம் நீங்க என்னைக் கை காட்டினப்ப, கண்டுபிடிச்சுட்டீங்கன்னு நெனச்சேன்."

சாமானக்காவின் கட்டைவிரல் நகத்தில் இன்னும் அரக்கு ஒட்டியிருந்தது. சுரண்டச் சுரண்ட உள்ளே போனது.

"இதையும் அவர்கிட்ட சொல்லணுமா?" என்றான்.

"தெரியலடா."

பஸ் வந்தது. கூட்டம். அவன் முதலில் ஏறி, படியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"ஏறுங்க. நேரமாகுது."

அக்கா என்று கூப்பிடவில்லை. ஆனால் பின்னால் முண்டிக்கொண்டு வந்தவர்களை ஒரு கையால் தடுத்துக்கொண்டு, அவள் ஏறும்வரை நின்றான்.