செத்துப்போன அக்கா வந்தாள்

செத்துப்போன அக்கா, செராமிக் பேட்டையில் செல்வநாதனின் சூளை வாசலில் காரைவிட்டு இறங்கினாள். நரைத்த கிராப்பு, எழுபது தாண்டிய உடம்பு, கையில் ஒரு கேக் டப்பா.

அவள் செத்துவிட்டதாகச் சொன்னவர் செல்வநாதனின் அப்பா சவரிநாதன். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போனவர். அங்கே லான் என்ற பெண்ணைக் கட்டினார், தெரேஸ் பிறந்தாள். ஐம்பத்தாறில் பிரெஞ்சுக்காரன் அங்கே மூட்டை கட்டியபோது சவரிநாதனும் கப்பலேறினார். அடுத்த கப்பலில் தாயையும் மகளையும் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. வந்து பார்த்தால் புதுச்சேரியிலேயே கொடி மாறியிருந்தது. ராஜ்ஜியங்கள் கடையைக் கட்டும்போது சிப்பாயின் பெண்டாட்டி பிள்ளையை யார் நினைக்கிறார்கள்? பிழைப்புக்கு விருத்தாசலம் வந்து பீங்கான் வேலையில் சேர்ந்தார். லானும் குழந்தையும் சண்டையில் வீடு எரிந்து செத்தார்கள் என்று பங்குச் சாமியாரிடம் சொன்னார். மனைவியை இழந்தவராயிற்றே, மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, அறுபத்தொன்றில் செல்வநாதனின் அம்மாவைக் கட்டி வைத்தார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும், இறந்தவர்களுக்கான பூசையில் அந்த இரண்டு பெயர்களும் வாசிக்கப்பட்டன. தெரேஸ் அக்காவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது சின்ன வயதில் செல்வநாதனின் வேலை. முகம் பார்க்காத அக்கா மேல் அவருக்கு அத்தனை பாசம். அப்பா போன பிறகும் அதை விடவில்லை.

இந்த வருடப் பூசை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பாரீசிலிருந்து போன். "நான் தெரேஸ் பேசறேன். சவரிநாதன் பொண்ணு. புதுச்சேரி சொந்தக்காரங்க நம்பர் குடுத்தாங்க." செல்வநாதன் இரண்டு தரம் பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். பாவம், அப்பாவுக்கு யாரோ தப்பான சேதி சொல்லியிருக்கிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். மனைவி லீமாவிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தார்: "பூசையப் பத்தி மூச்சு வுடாத. உசுரோட இருக்கறவங்ககிட்ட சொல்ற பேச்சா அது?"

தெரேசுக்குத் தமிழ் தடுக்கவில்லை. காரைக்கால்காரரைக் கட்டிப் பாரீசில் குடித்தனம் நடத்தியவள். கார்த்திகை அகல்கள் காய்ந்துகொண்டிருந்த கொட்டகையில் உட்கார்ந்து, அப்பாவின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா இவர ஒரு வார்த்த கொற சொன்னதில்ல தம்பி. கோயில்ல மொத மொதலா எனக்குப் புதுநன்மை குடுத்தப்ப, கப்பல்ல வந்தவங்ககிட்ட வெள்ள கவுனு குடுத்தனுப்பினாரு. சரியா இருந்துது."

"அது எந்த வருஷம்க்கா?"

"அறுபத்திரெண்டு."

செல்வநாதன் மனசுக்குள் கணக்குப் போட்டார். முந்தைய வருடமே செத்துப்போனதாகச் சொன்ன பிள்ளைக்கு அப்பா கவுன் அனுப்பியிருக்கிறார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. ஒரு கல்யாணத்துக்காக அவர்தான் இரண்டு பேரையும் வாயாலேயே சாகடித்திருக்கிறார். போட்டோவைப் பிடுங்கி அடுப்பில் போட்டால் என்ன என்று இருந்தது.

"வூட்டுல என் பேர எப்பவாவது சொல்லியிருக்காரா? அதக் கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன்."

"சொல்லுவாருக்கா. வருஷா வருஷம்."

அவள் முகம் சின்னப் பெண்ணுடையதாகிவிட்டது. "எப்ப? எம் பொறந்தநாளுக்கா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. அப்பாவின் பொய்க்கு மேல் இன்னொன்றை ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை.

"கல்லறைத் திருநாளுக்குக்கா."

அவளும் வேதக்காரிதானே, விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மடியிலிருந்த போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அம்மா பேருமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரு பேரும்."

"எழுபத்தஞ்சாம் வருஷம் வரைக்கும் அம்மா உசுரோட இருந்தா தம்பி. சைகோன் விழுந்து ஊரே ஓடறப்பகூட வர மாட்டேன்னுட்டா. அவரு வந்தா எங்க தேடுவாருன்னு கேட்டா. அவரு உசுரோட இருக்கணும்னு தெனம் செபமாலை சொல்லுவா."

லீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். செல்வநாதனும் அழுதார். அப்பாவின் கல்லறைக்குப் போகலாமா என்று கேட்டதற்கு தெரேஸ் தலையாட்டி மறுத்தாள். போட்டோவை அவரிடமே கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"அம்மா பேரு இருக்கட்டும் தம்பி. எம் பேர எடுத்துடுங்க. நான் செத்ததும் புள்ளைங்கள போன் பண்ணச் சொல்றேன். அப்ப சேத்துக்குங்க."