கம்பி கட்டிய கட்டை

கஜேந்திரன் ஓங்கிய கடப்பாரை பிக்கப்பின் முன்கண்ணாடியில் இறங்கியது. அடுத்த அடியில் கண்ணாடி மொத்தமும் உள்ளே கொட்டியது. தோட்ட லயத்தின் இஸ்தோப்புத் திண்ணையில் சவப்பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தார்கள். கலாராணி மட்டும் திரும்பவில்லை. பெட்டிக்குள் கிடந்த புருஷன் தயாபரனின் கால்மாட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் காதால் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இதுதானே எங்கண்ணன கொன்னுச்சு. இது இருக்கக்கூடாது," என்று கத்தினான் கஜேந்திரன்.

அடிக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. அந்த வண்டி வந்த நாளிலிருந்து வீட்டில் முதலில் சோறு தின்றது அதுதான். ஒரு மாதம் ரேடியேட்டர் ஒழுகும். அதை அடைத்தால் டைனமோ படுத்துவிடும். மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு மரக்கறி ஏற்றி தயாபரன் சம்பாதித்ததில் பாதி, பசறையில் வாஹித்தின் கராஜுக்கே போனது. பிள்ளையின் காலுக்குச் சப்பாத்து வாங்க வைத்த காசு பெல்ட்டாகவும் பேரிங்காகவும் மாறி அந்த வண்டிக்குள் போய்விடும். அப்படியும் தயாபரன் அதைத் தட்டிக் கொடுத்துத்தான் ஏறி உட்காருவான். கட்டியவளை அவன் அப்படித் தட்டிக் கொடுத்ததில்லை.

கடைசியாகக் கராஜுக்குப் போனபோது அவளும் முன்சீட்டில் இருந்தாள். கிளட்ச் தட்டும் தேய்ந்திருந்தது, ஹேண்ட் பிரேக்கும் செத்திருந்தது. கையில் இருந்த காசு ஒன்றைச் செய்யத்தான் காணும்.

"மொதல்ல ஹேண்ட் பிரேக்க செய்வோம் தம்பி," என்றார் வாஹித். "கேபிள், லைனர், ரெண்டு ட்ரம், எல்லாமா அறுவதாயிரம் போகும். கிளட்ச் கொஞ்ச நாளைக்கு இழுக்கும்."

"ஏறுறதுக்கு கிளட்ச் வேணும் பாஸ். ஏறினாத்தானே காசு. நிக்கிறதுக்கு எங்கிட்ட கட்டை இருக்கு."

வாஹித் தலையை ஆட்டிக்கொண்டு கிளட்சைப் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கட்டை, வண்டி உருளாமல் சில்லுக்கு அண்டக் கொடுக்க, தேயிலைத் தூரில் ஆப்பு மாதிரி செதுக்கியது. இந்த மேட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோரிடமும் ஒன்று இருக்கும். லயத்தில் எரிப்பதும் தேயிலைத் தூர்தான் என்பதால், தயாபரன் அதில் துளை போட்டு ஒரு கம்பியை வளையமாக முறுக்கி வைத்திருந்தான். கம்பி இருந்தால் வண்டிக்கு, இல்லாவிட்டால் அடுப்புக்கு. வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தான்.

சாவுக்கு அடித்த தப்பு மேளச் சத்தம் சட்டென்று நின்றது. கலாராணி திரும்பினாள். கையில் சீனிப் பார்சலோடு வாஹித் மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். செத்த வீட்டுத் தேத்தண்ணிக்குச் சீனி கொண்டுவந்திருக்கிறார், பாவம்.

"வந்துட்டான் பாரு," என்றான் கஜேந்திரன். "பிரேக் செய்யாம வண்டிய குடுத்து அனுப்பிட்டு, சீனி கொண்டாந்திருக்கான்."

முதல் குத்து வாயில் விழுந்தது. பார்சல் கிழிந்து சீனி சேற்றில் கொட்டியது. வாஹித் பின்வாங்கி வண்டியில் முட்டிக்கொண்டார். லயத்து ஆட்கள் இரண்டு பேர் தடுக்கிற மாதிரி ஓடிப்போய், அவர்களும் சேர்ந்து உதைத்தார்கள். துக்கத்தோடு காலையிலிருந்து குடித்த சாராயமும் உள்ளே இருந்தது.

"நான் சொன்னன் தம்பி," என்றார் வாஹித். வாயிலிருந்து ரத்தம் தாடியில் இறங்கியது. "அல்லாஹ்மேல, நான் சொன்னன்."

"யாருகிட்ட சொன்ன? செத்தவன்கிட்டயா?"

உயிரோடிருக்கிற ஒருத்தி கேட்டிருந்தாள். எழுந்து போய்ச் சொன்னால் போதும். ஆனால் பிரேக் என்று வாயெடுத்தால் அடுத்த பேச்சு கட்டையாகத்தான் இருக்கும். கலாராணி எழுந்திருக்கவில்லை.

அவன் செத்த அன்றைக்கு விடியலில் மழை. பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையிலிருந்து தயாபரன் ஏற்றிவந்த தேயிலைத் தூர்கள் பிக்கப்பின் பின்னாலேயே நனைந்துகொண்டு கிடந்தன. இருட்டில் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு ஓடிவந்து அடுப்பில் வைத்தாள். ஒன்று மட்டும் உள்ளே காய்ந்திருந்தது, நன்றாகப் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில்தான் ரோட்டிலிருந்து அவன் கூப்பிட்டான்.

"கலா, கட்டைய பாத்தியா?"

"அங்கனதான் கெடக்கும், பாருங்க."

ஊதுகுழலிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள். அவன் சில்லுக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு, பழுது பார்க்க வண்டிக்கு அடியில் போனான். பின்சில்லைச் சுற்றுகிற இரும்புத் தண்டைக் கழற்றினான். அதைக் கழற்றிவிட்டால் கியரும் வண்டியைப் பிடிக்காது. ஈரமான தார் ரோட்டில் கல் வழுக்கியது, வண்டி அவன்மேல் உருண்டது.

அன்றிரவு, அணைந்த அடுப்பில் கட்டையின் கம்பி வளையத்தைப் பார்த்தாள். சாம்பலைத் தள்ளி மூடிவிட்டாள்.

கஜேந்திரன் மறுபடியும் கடப்பாரையை எடுத்தான். வாஹித்தின் தலைக்கு ஓங்கியது குறி தப்பி, முன்சில்லுக்கு வைத்திருந்த கல்லில் விழுந்தது. கல் தெறித்து ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் போனது. வண்டி ஒரு முனகல் முனகி நகர்ந்தது.

கீழே, லயத்து வாசலில் தப்புக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகள். உதைத்த ஆட்கள் விலகி ஓடினார்கள். வாஹித் ஓடவில்லை. செத்த வீட்டுக்கென்று லயத்து ஆட்கள் வீட்டுக்கு ஒன்றாக ரோட்டோரம் கொண்டுவந்து குவித்திருந்த விறகில் ஒரு தூரை இழுத்துச் சில்லுக்கு முன்னால் போட்டு, கையால் அழுத்தினார். சில்லு தூரில் ஏறி, ஆடி, நின்றது. வாஹித் கையை இழுத்துக்கொண்டார். இரண்டு விரல்களில் நகமில்லை.

 கஜேந்திரன் அந்தத் தூரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் கட்டை போடாம அடியில போகமாட்டானே," என்றான். "கட்டை எங்க?"

கஜேந்திரன் லயத்துப் பக்கம் திரும்பினான்.

"எவன் எடுத்தான்? எவன் வீட்டு அடுப்புக்குப் போச்சு?"

அடுத்த வீட்டுக் காம்பராவின் பெரியாயி பிக்கப்பிலிருந்து விறகு எடுப்பாள் என்பது லயத்துக்கே தெரியும். கஜேந்திரனின் கண் அவள் வாசலுக்குப் போனது. கடப்பாரையோடு நடந்தான். பெரியாயி பெட்டியை விட்டு எழுந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நம்ம அடுப்புக்குத்தான்," என்றாள் கலாராணி.

அவன் நின்றான்.

"நான்தான் தம்பி வச்சேன். இருட்டுல தெரியாம வச்சிட்டேன். அவரு கேட்டாரு. அங்கனதான் கெடக்கும்னு சொன்னேன்." எழுந்து படிக்கு வந்தாள். "பாஸ் சொன்னாரு. பிரேக்க செய்யச் சொன்னாரு. நான் பக்கத்துல இருந்தேன். அவர விட்டுருங்க."

கஜேந்திரன் கடப்பாரையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தான். கலாராணி நகரவில்லை. இறங்கட்டும் என்றுதான் நின்றாள், இறங்கினால் நல்லது என்றும் இருந்தது. கடப்பாரை அவள் காலடிப் படியில் விழுந்தது. சிமெந்து பெயர்ந்து கன்னத்தில் அடித்தது. அவன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, அவளைத் தாண்டிப் போய், அண்ணனின் தலைமாட்டில் முகத்தை வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவளை அண்ணி என்று கூப்பிடவில்லை. வேறெப்படியும் கூப்பிடவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். தப்பு முன்னால் போக, தேயிலைக்குள் இறங்கினார்கள். கைலேஞ்சித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வாஹித்தும் கடைசியில் நடந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை.

பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். பெரியாயி அடுப்பைத் துப்புரவாக்கப் போனாள்.

"சாம்பல நான் அள்றேன்," என்றாள் கலாராணி.

"நீ உக்காரு ஆத்தா."

"நான் அள்றேன்."

பெரியாயி வெளியே வந்துவிட்டாள். கலாராணி சாம்பலுக்குள் கையை விட்டு வளையத்தை எடுத்தாள். கறுத்துப் போயிருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினாள். சேற்றில் கிடந்த சீனியில் எறும்பு மொய்த்திருந்தது. முகம் நொறுங்கிய பிக்கப் அந்தத் தூரில் சாய்ந்து நின்றது. மழை தூறத் தொடங்கியது. இன்றைக்கு ராத்திரி விறகுக்கு யாராவது இருட்டில் வருவார்கள்.

கலாராணி குந்தி உட்கார்ந்து, வளையத்தைப் பிரித்து, தூரின் வெளிப்பக்கத்து வேரில் சுற்றி முறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறுக்கு முறுக்கினாள்.